கோட்டை வீட்டில் ஒரு பெயர்

போன வாரம் மகள் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பினாங்கில் பேய் நடமாடும் இடங்கள் என்று ஒரு பட்டியல். நாலாவதாக எங்கள் ஊர்ச் சாலையோரக் கோட்டை வீடு. மாலை ஆறு மணிக்கு ஓர் இந்தியத் தோட்டக்காரரின் ஆவி வந்து கேட்டைத் திறக்கும் என்று போட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு. நான் கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கதையை முதலில் எழுதியவனே நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுங்கை பினாங்கில் ஒரு மாடியறையில், சுற்றுப்பயணிகளுக்குப் புத்தகம் அச்சடிக்கும் சின்ன நிறுவனத்தில் வேலை. கழுத்தில் டை, காலில் சிலிப்பர். இந்த லட்சணத்தில் என்னைச் சரித்திர ஆசிரியன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி மாதிரிக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அதில் ஏதோ ஒரு சாலையோரக் கோட்டை. ரோமானியர் வழிக்காவலுக்குக் கட்டியது, பல நூற்றாண்டு கழித்து உதுமானியத் துருக்கியர் இடிந்ததை எடுத்துக் கட்டிப் படை வைத்தது.

"இந்த மாதிரி ஒன்னு நம்ம ஊருக்கும் வேணும்லா" என்றார்.

ரோமானியருக்கு நான் எங்கே போவேன்? கோபுரம் வைத்த அந்தக் கோட்டை வீட்டைப் பிடித்தேன். கட்டியவர் வெள்ளைக்காரத் துரை, வாங்கியவர் சீனத் தௌக்கே, பெரிய வியாபாரி. பிறகு ஜப்பான்காரன் கொடி, மறுபடி வெள்ளைக்காரப் பட்டாளம், கடைசியில் வெறும் வௌவால். ரோமானியருக்குப் பதில் துரை, துருக்கியருக்குப் பதில் ஜப்பான்காரன். பாதிக் கட்டுரை முடிந்துவிட்டது என்று விசிலடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன்.

ஜாதிக்காய் ஜூஸ் வாசனை வந்தால் இன்றைக்கும் அந்த வீட்டின் பின்கட்டுதான் முன்னால் நிற்கும். அங்கே வேலைக்காரர் குடியிருப்பில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா இருந்தார். அவருடைய அப்பா அந்த வீட்டுத் தோட்டக்காரர். கேட்காமலே ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கேட்டுலதான் ஜப்பான்காரன் அப்பாவ லோரில ஏத்துனான் தம்பி. சயாமுக்கு, ரயில் ரோடு போட. எனக்கு அப்ப ஏழு வயசு. சாயங்காலம் வந்துருவேன், கேட்ட சாத்தாதன்னாரு."

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அக்கா அந்தக் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார். அந்த ரயில் பாதை போடப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை; ஆனாலும் அப்பா இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் ஓர் ஆடி அமாவாசைக்குக்கூட அவருக்குப் படைக்கவில்லை. படைத்தால் மகளே அவரைச் சாகடித்த மாதிரி ஆகிவிடுமாம்.

"தொர பேரு கல்லுல இருக்கு. தௌக்கே பேரும் இருக்கு. எங்கப்பா பேரு எதுலயும் இல்ல. ஒன் புக்குல போடுலா தம்பி."

பெயரை மூன்று முறை சொன்னார். நான் எழுதிக்கொண்டதைப் பார்த்த பிறகே விட்டார்.

நான் எழுதிக் கொடுத்ததில் முதலாளி அந்தப் பெயரை அடித்துவிட்டார். "தோட்டக்காரன் பேரு டூரிஸ்ட்டுக்கு எதுக்குலா? கேட்டு தெறக்குதில்ல, பேய்னு எழுது." வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதினேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் எனக்கே அந்த யோசனை பிடித்திருந்தது. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

புத்தகம் வந்ததும் புத்தி கெட்டுப்போய் ஒரு பிரதியை அக்காவிடமே கொண்டுபோனேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. "அப்பா வர்ற எடத்தப் படிச்சுக் காட்டு தம்பி" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். பேய் இருந்த பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைத் தமிழில் படித்தேன். இந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர் இன்னார், இந்த வாசலிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. குரல்கூட நடுங்கவில்லை.

அக்கா அந்தப் பக்கத்தை விரலால் தடவினார்.

"திரும்பலன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா."

புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்ப சரி. புக்குலயே போட்டாச்சு. இந்த ஆடிக்கு அவருக்குப் படைச்சிர்றேன்" என்றார். மணி ஆறாகியிருந்தது. கேட்டைத் திறக்க அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆங்கிலம் தெரிந்த யாராவது அவருக்குப் படித்துக் காட்டியிருப்பார்களோ என்ற பயம். வருடக்கணக்கில் வேறு சாலை வழியாகச் சுற்றிப் போனேன். கடைசியில் துணிந்து போனபோது அங்கே அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்த மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே இறந்துவிட்டார் என்றார்கள். கோபுரம், ஜாதிக்காய் மரங்கள், பெயர் வெட்டிய கல் எதுவும் இல்லை. மகள் காட்டிய பட்டியலில் மட்டும் அந்த வீடு இன்னும் நிற்கிறது.

அந்தத் தோட்டக்காரர் பெயரை இப்போதாவது எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். துரையின் முழுப்பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தௌக்கேயின் பெயரும் தெரியும். அன்றைக்கு எழுதிக்கொண்ட தாள் என்றைக்கோ தொலைந்துவிட்டது. அக்கா மூன்று முறை சொன்ன பெயர், அவர் முன்னால் நானே வாய்விட்டுப் படித்த பெயர், எனக்கு நினைவில்லை.