சார் லீவில் போன ஆறு மாதம்

1. ராஜினாமா

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை ஞானசிகாமணி சார் ஜாடிகளுக்குப் பக்கத்தில் குந்தி இருமினார். கைக்குட்டையில் ரத்தம். அதை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத முனிசாமி" என்றார்.

சார் வேலூர்க்காரர். சென்னைக் கல்லூரியில் ஒரு புரொபசரின் கீழ் எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். செருப்பின் அடித்தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையோடு வேறு பட்டைகளையும் கலக்கலாமா என்பதுதான் ஆராய்ச்சி. முதலாளி ஷெட்டின் பின்பக்கம் ஓர் அறை கொடுத்திருந்தார். அதில் பன்னிரண்டு பீங்கான் ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கலவைப் பட்டைத் தண்ணீர், இரண்டு எருமைத்தோல் துண்டுகள். காலையும் மாலையும் மூங்கில் கழியால் துண்டுகளைப் புரட்ட வேண்டும். பார்க்கோமீட்டர் என்ற கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டு, காட்டம் எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எருமைத்தோல் உள்வரைக்கும் பதமாக எட்டு ஒன்பது மாதம் பிடிக்கும். நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நான் அவருக்கு ஒத்தாசை. நெமிலிப் பக்கம் நாலாம் வகுப்பு வரை படித்தவன். எண் எழுதத் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். அதற்கு முன் கோலார் சுரங்கம், ரயில் பாதைக் கூலி, பெங்களூரில் குதிரை லாயம் என்று சுற்றியிருந்தேன். எந்த இடத்திலும் சொல்லிவிட்டுப் போனதில்லை. ஒரு நாள் காலையில் ஆள் இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சாருக்கு காசநோய் என்றார்கள். ஆறு மாதம் சானடோரியத்தில் படுக்க வேண்டும். அன்று மாலை அவர் ராஜினாமாக் கடிதம் எழுதி உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"படிப்ப வுட்டுட்டா போறீங்க சார்?"

"ஆறு மாசம் வேல நின்னா பேர அடிச்சிடுவாங்க. அவங்க அடிக்கறதுக்கு முன்னால நானே போய்ட்டா மரியாத."

மேஸ்திரி காதர் பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சார் பேஜார் பண்றீங்க. அடிச்சிடுவாங்கன்னு அவங்க சொன்னாங்களா? தங்கச்சி கல்யாணத்துக்குப் போறவன்கூட எங்கிட்ட லீவு கேக்கறான். கேக்காம ஓடறவன் இந்த ஷெட்டுலயே இதோ இவன் ஒருத்தன்தான். நீங்களுமா இவனுக்குத் தோஸ்த்?"

சார் சிரித்துவிட்டார். சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது. பிறகு வேறு காகிதம் எடுத்து லீவு மனு எழுதினார்.

புரொபசரின் பதில் அந்த வாரத்திலேயே வந்தது. ஆறு மாத லீவு கொடுக்கலாம், பெயர் பதிவில் இருக்கும். ஆனால் லீவில் இருப்பவர் வேலையைத் தொடக்கூடாது. ஜாடிகளை ஓர் ஆள் தினமும் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் தாமே வந்து நோட்டைப் பார்ப்பார். அது நம்பும்படி இல்லாவிட்டால் ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்குக் காலம் போதாது.

"ஆறு மாசம் ஒரே எடத்துல இருப்பியா?" என்று சார் கேட்டார்.

"இருப்பேன் சார்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

2. சர்க்கஸ்

இரண்டு மாதம் ஒழுங்காகப் புரட்டினேன், எழுதினேன். அப்போது குடியாத்தத்தில் ஒரு சர்க்கஸ் வந்தது. குதிரை பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது.

நாலாம் நாள் கூடாரத்தைப் பிரித்தார்கள். மழையில் நனைந்த கித்தான் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக் கிடந்தது. அதைப் பிரித்து இழுக்கும்போதுதான் ஜாடிக்குள் இரண்டிரண்டாகக் கிடக்கும் துண்டுகள் நினைவுக்கு வந்தன. உடனே ரயிலைப் பிடித்தேன். சர்க்கஸ்காரரிடமும் சொல்லவில்லை.

தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. மூன்று ஜாடிகளில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்தில் சாறு ஏறாமல் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது.

"வந்துட்டியா? சிங்கம் சௌக்கியமா?" என்றார் காதர் பாய். பிறகு நோட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நீ இல்லாத நாலு நாளுக்கும் டிகிரிய கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணி எழுதிடு. பட்டணத்துலேர்ந்து வர்றவருக்கு இன்னா தெரியும்? அந்தப் புள்ள படிப்பு போய்டக்கூடாது."

பென்சிலை எடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை டிகிரி இறங்கும் என்று எனக்கு மனப்பாடம். ஆனால் ஜாடியில் வெளுப்பு இருக்கிறது. நோட்டில் எல்லாம் சரியாக இருந்து தோலில் வெளுப்பு இருந்தால், பார்ப்பவர் அந்த நாலு நாளை மட்டுமா சந்தேகப்படுவார்? நான் உண்மையாக எழுதிய இரண்டு மாதமும் போய்விடும். அதனால் இப்படி எழுதினேன்: "இந்த நாலு நாளும் நான் இல்லை. சொல்லாமல் போனேன். மூன்று, ஏழு, எட்டு ஜாடிகளில் துண்டு ஒட்டி வெளுத்துவிட்டது."

"கெடுத்தே போ" என்றார் பாய்.

3. நோட்டு

புரொபசர் சொன்னபடி வந்தார். நின்றபடியே நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் கை நின்றது.

"யார் எழுதினது?"

"நான்தாங்க."

"எங்க போயிருந்தே?"

"சர்க்கஸுக்குங்க."

காதர் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புரொபசர் ஏழாம் ஜாடியிலிருந்து துண்டைக் கழியால் தூக்கி, வெளுத்த இடத்தை அளந்து பார்த்தார். மற்ற ஜாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தீபாவளி அன்னைக்கும் ஒழுங்கா வேல நடந்ததா எழுதின நோட்டு எத்தனையோ பாத்துட்டேன்" என்றார். "இத நம்பலாம். கெட்டுப்போன மூணையும் தள்ளிடு, ஒம்பது போதும். ஞானசிகாமணிக்கு நானே எழுதறேன், நிம்மதியாப் படுத்திருக்கட்டும். இனிமே போறதா இருந்தா சாவிய மேஸ்திரிகிட்ட குடுத்துட்டுப் போ."

சார் ஆறு மாதம் முடிந்து, சொன்ன தேதியில் வந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. கழியை வாங்கி இரண்டு ஜாடி புரட்டியதும் மூச்சு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். "நீ பொரட்டு. நான் எழுதறேன்."

ஒன்பது ஜாடி முடிவுகளோடு அவர் பட்டம் வாங்கினார்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உடம்போ வீடோ இடம் கொடுக்காவிட்டால் படிப்பிலிருந்து கொஞ்ச நாள் விலகி நிற்கலாம், அதில் குறைவில்லை. எப்போது போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், அதுவரை யார் பார்ப்பார்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் அதன் பிறகும் ஐந்தாறு வேலை மாறினேன். எல்லா இடத்திலும் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பிப் போனபோது இரண்டு இடங்களில் என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.