தயாருக்கும் போவுக்கும் நடுவில்

ஏணியின் கைகள் வண்ணத்தாள் வெட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அப்பாவின் மாத்திரை டப்பா, மசித்த சோற்றுக் கிண்ணம், கழுத்தில் கட்டும் துண்டு. மறுபக்கம் மேடை விளக்கின் வாயில் செருகுகிற கண்ணாடித் தாள்கள். சட்டத்தை மேலே வைத்துக் கத்தியால் ஒரே இழுப்பு. மூலையைக் கத்தரித்து, ஓரத்தில் எண் போட்டு, அடுத்தது. நடுநடுவே கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டுவாள். அவர் விழுங்கும் வரை காத்திருந்து மறுபடியும் கத்தியை எடுப்பாள். விழுங்காமல் வலது கன்னத்தில் ஒதுக்கினால் விரலால் தொட்டு, “இங்க இருக்குப்பா” என்பாள். அந்த அளவுக்கு நன்றாகவே பழகியிருந்தாள்.

ஏணி என்பது நாடகத்துக்காரர்கள் வைத்த பெயர். ஆள் உயரம் பாதிக் காரணம். ஏணி மேலேயே குடியிருப்பாள் என்பது மீதி. நான் பகலில் அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள். ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை செய்துவிட்டு வந்ததால் அந்த வீட்டில் எனக்கு சிஸ்டரம்மா என்று பெயர்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: போ. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூளையில் இடப்பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும். ஒருவருக்குக் கெட்ட வார்த்தை தங்கியதைப் பார்த்திருக்கிறேன், இன்னொருவருக்குக் கொழுந்தியாள் பெயர். அந்த ஆள் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. இவர் விசிலை ஊதி, “போலாம், போ” என்று காலமெல்லாம் வண்டியைக் கிளப்பியவர். அதிகம் தேய்ந்த சொல் தங்கியது. பசித்தால் போ, வலித்தால் போ, சந்தோஷம் வந்தாலும் போ. குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தால் எல்லாம் விளங்கும். நாம் பேசுவது அத்தனையும் அவருக்கும் விளங்கும். இதை நான் ஏணியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

விடைபெறுகிறவரைக்கூட வெறும் ‘போ’ சொல்லி அனுப்பாதவர்கள் நாம். ‘போயிட்டு வா’ என்போம். இவரோ உள்ளே வருகிறவரையே ‘போ’ என்று வரவேற்பார். உடம்பு விசாரிக்க வந்த அவருடைய அண்ணி செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று ‘போ’ வாங்கிவிட்டாள்.

“ஏண்டி, நான் என்ன கடன்காரியா? வாசப்படி ஏறுறதுக்குள்ள தொரத்துறாரு?” என்று நின்ற இடத்திலேயே கேட்டாள்.

“அது வாங்கன்னு அர்த்தம் பெரியம்மா” என்று ஏணி சிரித்துச் சமாளித்தாள். கதவைச் சாத்தியதும் சிரிப்பு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நாடகக் குழுவிலும் அப்பா ஊரில் இருக்கிறார் என்றே சொல்லி வைத்திருந்தாள்.

குழுவில் அவள் இருந்த இடம் சும்மா வந்ததல்ல. அரங்கத்தில் டிக்கெட் கிழிக்கப் போனவள், ஒருநாள் எரியாமல் நின்ற விளக்கின் பிளக்கை ஹேர்பின்னால் நெம்பிச் சரிசெய்தாள். அங்கிருந்து தொடங்கியது. கேபிள் சுருட்டினாள், மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள், ‘பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்த உச்சாணிக்கொம்பு’ என்ற பேச்சையெல்லாம் மேலேயிருந்து கேட்டாள். இந்த நாடக விழாவில்தான் முதல் தடவையாக விளக்குக் குழுவுக்கே அவள் தலைவி. இப்போது போய் வாயோரம் எச்சில் வழிகிற ஒருவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், இவர் என் அப்பா என்று சொல்வதா? இதை அவள் வாயால் சொன்னதில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வினை என்னவென்றால், விளக்குக்காரர்களின் தொழிலும் அதே சொல்லில்தான் ஓடுகிறது. மேடையோரம் ஏணி நின்றுகொண்டு காதில் மாட்டிய கருவியில் பேசுவாள். அரங்கத்தின் கடைசியில், ஜன்னல் வைத்த ஒரு கூண்டுக்குள், பட்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிற குண்டு ஆள் பலகையில் விரலை வைத்துக்கொண்டிருப்பான். முதலில் எண்ணைச் சொல்லி, “தயார்” என்பாள். பிறகு சரியான நொடியில், “போ.” பட்டன் அழுத்துவான். தயாருக்கும் போவுக்கும் நடுவில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்தச் சொல்லை வேறு எதற்கும் அங்கே யாரும் சொல்வதில்லை. டீ குடிக்கப் போகிறவன், “நான் நகர்றேன்” என்பான். ஆளைத் துரத்த வேண்டுமென்றால், “இடத்தைக் காலி பண்ணு.” ஒரு தடவை ஒத்திகையில் நடிகை, “போதும், எனக்குத் தலை வலிக்குது” என்றாள். முதல் எழுத்திலேயே பட்டனின் விரல் இறங்கி மேடை இருண்டுவிட்டது. “என் காது கேட்டா விரல் செஞ்சிடும் அக்கா, நடுவுல மூளைக்கு வேலையே கிடையாது” என்றானாம். அதை ஏணி வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அவள் அப்பாவும் சிரித்தார். “போ, போ” என்றார்.

விழா தொடங்கிய பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்து, சுவரில் ஒட்டியிருந்த விழா நோட்டீஸைக் காட்டுவார்.

“அங்க ஒரே படிப்பா. வீல்சேர் ஏறாது” என்பாள் ஏணி, ஷூ கயிற்றைக் கட்டியபடி, நிமிராமல்.

எனக்கு இந்த மாதிரி பதிலை அப்படியே எடுத்துக்கொள்கிற வழக்கம் இல்லை. அரங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். பின்பக்கம் சரிவுப் பாதை இருக்கிறது, கடைசி வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடமும் இருக்கிறது என்றார்கள். படுத்தே கிடக்கிறவருக்கு வெளிக்காற்று நல்லது. மறுநாள் அவள் கிளம்பியபோது வழக்கம்போல நோட்டீஸைக் காட்டினார். “சரி, சரிவுப் பாதை இருக்காம், நான் கூட்டிட்டு வரேன்” என்றேன். அவள் கை ஷூ கயிற்றில் நின்றது.

“வாங்க. ஆனா என்னைத் தேடி வராதீங்க சிஸ்டரம்மா. வேலையில இருப்பேன்.”

மத்தியானக் காட்சிக்குப் போனோம். அவருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சட்டைப் பையில் கைக்குட்டையும் வைத்திருந்தேன். கடைசி வரிசையில் எங்களுக்குக் கிடைத்த இடத்துக்கு நேர் பின்னால்தான் பட்டனின் கூண்டு. உள்ளே புழுக்கமாக இருந்ததால் ஜன்னலைத் திறந்து வைத்து, காதுக் கருவியையும் ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தான்.

நாடகம் ஒரு தாயைப் பற்றியது. போன மகன் திரும்பி வரவில்லை. கடைசிக் காட்சியில் அந்த அம்மாள் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். கடைசியாக ஒரே ஒரு வரியில், மகனைக் காட்டிக்கொடுத்தது தானே என்று சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் அவள் மேல் விழுகிற ஒற்றை விளக்கு மெல்ல அணைய வேண்டும். நாடகமே அந்த வரிக்காகத்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிய வழியில்லாமல் போய்விட்டது.

நடிகை நன்றாக நடித்தாள். மஞ்சள் வெளிச்சம் அவள் மடியில் விழுந்து, முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கண்ணில் நீர். ஆனால் அவர் பார்த்தது நடிகையை அல்ல, மேலே கம்பியில் தொங்கிய விளக்கை. இடது கையை உயர்த்தி அதைக் காட்டி, பெருமை தாங்காமல் உரக்கச் சொன்னார்:

“போ!”

மேடை இருண்டது.

பட்டனின் காதுக் கருவியில் ‘தயார்’ ஏற்கெனவே வந்திருந்தது. விரல் காத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். நடிகை இருட்டில் பாதி வாக்கியத்தோடு நின்றாள். ஜனங்கள் நாடகம் முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள். அதுதான் பெரிய கொடுமை. எழுந்து நின்று தட்டினார்கள்.

கூட்டம் கலையும் முன்பே டைரக்டர் நடைபாதையில் ஏறி வந்தார். அவர் பின்னால் ஏணி, கழுத்தில் கருவி தொங்க, ஓடி வந்தாள்.

“யாருய்யா சொன்னது? அவ சொல்லலேன்றா. வேற யாரு சொன்னது?”

பட்டன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். முகம் வெளுத்திருந்தது. “சார், இதோ இந்தப் பெரியவர் சொன்னாரு. என் தப்புதான் சார். குரல் வித்தியாசம் தெரியல, சொல்லுதான் காதுல விழுந்துச்சு.”

டைரக்டர் குனிந்து பார்த்தார். சட்டைக் காலரில் வழிந்திருந்ததையும், மடியில் செத்தாற்போலக் கிடந்த வலக்கையையும். பிறகு ஏணியிடம் திரும்பினார்.

“யாரு இவரு? உனக்குத் தெரிஞ்சவரா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கண்ணைத் திருப்பவில்லை.

“தெரியாது சார். பார்க்க வந்தவங்க யாரோ.”

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் வந்த சிரிப்பு. அது உடனே மறையவில்லை. பக்கவாதம் வந்த முகத்தில் சிரிப்பு வருவதற்கும் நேரம் ஆகும், போவதற்கும் நேரம் ஆகும். பாதி முகத்திலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை அவள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள். டைரக்டர் என்னிடம், “இந்த மாதிரி ஆளையெல்லாம் உள்ள கூட்டிட்டு வராதீங்கம்மா” என்றார். நான் பிரேக்கை எடுத்து நாற்காலியைத் திருப்பினேன். அங்கே வாய் திறந்து அவளை இன்னும் பொய் சொல்ல வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

வழியெல்லாம் அவர் ஒரு ‘போ’ கூடச் சொல்லவில்லை. மேடு வந்தபோது இல்லை, நாய் குறுக்கே ஓடியபோது இல்லை. வீட்டில் நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

பொழுது சாய்வதற்குள் ஏணி வந்துவிட்டாள். மாலைக் காட்சியைப் பட்டனிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். கையைக் கழுவி, சோற்றை மசித்து, துண்டைக் கட்டிவிட்டு ஸ்பூனை நீட்டினாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். மறுபடி நீட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

“அப்பா, ஒரு வாய்.”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திட்டுப்பா. போன்னாவது சொல்லு.”

அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்தது ஒரு சொல். அதையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

ஸ்பூனை நான் வாங்கிக்கொண்டேன். என் கையில் சாப்பிட்டார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவருக்குப் புரிஞ்சிருக்காதுன்னு நினைச்சேன்னு சொன்னா நம்புவீங்களா?” என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“மாட்டேன்.”

“ம். நானும் நம்பல.” குழாயை மூடினாள். “சின்ன வயசுல இவரு வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போவேன். ஒரு கூட்டமே இருக்கும். அதுக்கு நடுவுல ‘என் மகளுக்கு எடம் விடுங்க’ன்னு கத்துவாரு. எனக்கு அப்பவும் வெட்கமா இருக்கும், சிஸ்டரம்மா. அவருக்கு ஒரு தடவகூட இருந்ததில்ல.”

நான் துண்டைப் பிழிந்து காயப்போட்டேன். அவர் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நான் போகும்போது அவரை உட்கார்த்தி வைத்து அவளே சவரம் செய்துகொண்டிருந்தாள். வாயைத் திறக்காதவர் கன்னத்தை மட்டும் காட்டினார். சவரம் முடித்தவள், “கிளம்புங்க சிஸ்டரம்மா, மாத்திரையைக் கையில எடுத்துக்குங்க” என்றாள். சரக்கு வண்டி ஒன்றை வாசலில் நிறுத்தியிருந்தாள், விளக்குகளை ஏற்றிச் செல்கிற வண்டி. நாற்காலியோடு அவரை ஏற்றிக் கயிற்றால் கட்டினாள். கட்டிய விதத்தில் பூகம்பம் வந்தாலும் அசைந்திருக்காது.

அரங்கத்தின் பக்கவாட்டு வாசல் வழியாக நேராக மேடைக்கே தள்ளிக்கொண்டு போனாள். குழு மொத்தமும் அங்கே இருந்தது. டைரக்டர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், நேத்து யாருன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னேன். எங்க அப்பா.”

பட்டன் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தான்.

“அப்பாவா? ஊர்ல இருக்காருன்னு சொன்னே?” என்றார் டைரக்டர்.

“அதுவும் பொய்.”

“ஏன்?”

“வெட்கமா இருந்துச்சு சார்.”

“எதுக்கு?”

அவள் முகம் கறுப்புச் சட்டையின் கழுத்துப்பட்டி வரை சிவந்துவிட்டது. டைரக்டர் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அப்பாவின் இடது கையைப் பிடித்து, “நேத்து நானும் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க ஐயா” என்றார். அப்பா கையை உருவிக்கொள்ளவில்லை. பதில் மரியாதையும் செய்யவில்லை.

அன்று காலை வேலை அந்த ஒற்றை விளக்கைத் திருத்துவது. கண்ணில் அடிக்கிறது என்று நடிகை புகார் சொல்லியிருந்தாளாம். வழக்கமாக நடிகையின் நாற்காலியில் பட்டனை உட்கார வைத்துப் பார்ப்பார்கள். ஏணி அந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் ஒட்டியிருந்த அடையாளத்தின் மேல் அப்பாவின் சக்கர நாற்காலியை நிறுத்திப் பிரேக் போட்டாள். பிறகு ஏணியில் ஏறினாள். விளக்கு எரிந்தது.

“கண்ணு கூசுதாப்பா?”

அவர் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அவள் கொஞ்சம் தாழ்த்தினாள். இன்னும் கொஞ்சம். அவர் கையை இறக்கிக்கொண்டார். அவள் திருகை இறுக்கிவிட்டு இறங்கி வந்தாள்.

மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிய கிண்ணத்தை நீட்டியதும் அவள் வாங்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குள் போய், எல்லோரும் பார்க்க அவர் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பூனை நீட்டினாள். அவர் ஸ்பூனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்களை வெகுநேரம் காக்க வைத்துவிட்டு வாயைத் திறந்தார். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. அவள் அதைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு, அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.