சிவப்புக்கு ஒன்பது பாட்டு

ரேடியோ அக்கா என்றால்தான் எங்கள் சாயப்பட்டறையில் தெரியும். பதினாறு வருடமாகச் சாயம் கலக்குகிறவள். தொட்டிகளின் ஆவியில் சுவர்க் கடிகாரம் எந்நேரமும் குருடு. அதன் வேலையைத் தன் போனுக்குக் கொடுத்திருந்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவாள். நிறத்துக்கு ஒரு பிளேலிஸ்ட். மஞ்சளுக்கு ஐந்து பாட்டு, நீலத்துக்கு ஏழு, சிவப்புக்கு ஒன்பது. பாட்டெல்லாம் முடிந்து போன் வாயை மூடினால் துணியைத் தூக்க வேண்டும். ஒரு கெஜம் வீணானதில்லை.

முதலாளிக்கு மாப்பிள்ளை வந்தார், எங்களுக்குச் சனியன் பிடித்தது. வேலை ஒன்றும் தெரியாது, மூக்கை மட்டும் எல்லாவற்றிலும் நுழைப்பார். "என்னக்கா, எல்லாம் அழுமூஞ்சிப் பாட்டா இருக்கு?" என்று அடிக்கடி நக்கல் வேறு.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து அக்கா சிவப்பு லிஸ்ட்டைப் போட்டாள். கருப்பு கலக்க உள்ளே போனாள். கலக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. தொட்டியருகே நான்தான் நின்றேன். நடுவில் டமடமவென்று ஒரு பாட்டு. மாப்பிள்ளையின் கார் வரும்போதெல்லாம் அலறுகிற அதே பாட்டு. அக்காவுக்கும் பிடித்துவிட்டது போல என்று சிரித்துக்கொண்டேன். பாட்டை எண்ணும் பழக்கம் எனக்குக் கிடையாது. போன் ஓய்ந்தது, துணியைத் தூக்கினேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி மொத்தமும் வெளிறிப்போய்க் கிடந்தது.

"பாட்டு கேட்டுக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான் ஆகும் மாமா" என்றார் மாப்பிள்ளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வாய்.

அக்கா போனை முதலாளியின் மேசையில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டாள். "இது என்னோடது இல்லீங்க. என்னோட பாட்டு நாலைக் காணோம். நாங்க சாப்பிடப் போனப்ப ஆணியில இருந்த போனை யாரு எடுத்தாங்கன்னு கேளுங்க."

முதலாளிக்கும் அந்தப் பாட்டு தெரியும். முகத்திலேயே தெரிந்தது.

"மாப்பிள்ளையை நான் எப்படிம்மா கேக்கறது?" என்று குரலைத் தாழ்த்தினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இனிமே உள்ள போனே கூடாது. கடிகாரத்தைப் பாத்து வேலை செய்யுங்க."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள். "கேக்க முடியலைன்னா, சாயத்தையும் அவரையே போடச் சொல்லுங்க."

அவள் போகும்போது நான் குனிந்து வெளிறிய துணியை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் மாப்பிள்ளை மேல் பாதி, என் மேல் பாதி.

மறுநாள் மறுபடி சிவப்பு. தொட்டி கொதித்தது, கடிகாரத்தில் ஆவி அப்பியிருந்தது. முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

"எப்ப தூக்கணும்?"

"அக்காவுக்குத்தான் தெரியும்" என்றேன். "கூப்பிட்டுக் கேக்கலாம்னா, போன்தான் கூடாதுன்னுட்டீங்களே."