வானமாமலை எஞ்சினைத் தூக்காத கதை

தாராவியில் அந்தச் சந்துப் பக்கம் சின்ன எஞ்சின் பழுது என்றால் வானமாமலைதான். ஜெனரேட்டரோ, புல்வெட்டும் வண்டியோ, எஞ்சினைக் கழற்றி மார்போடு அணைத்துத் தூக்கிவிடுவார். அதில் மனிதருக்குத் தலைகால் தெரியாத பெருமை. அந்தப் பெருமைதான் போன மழைக்காலத்தில் அவரைப் படுக்கையில் தள்ளியது. இன்னொரு முறை இடுப்பு பிசகினால் எழுந்து நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி பேராச்சி ஆஸ்பத்திரியிலேயே அழுதாள். வானமாமலைக்குத்தான் பட்டும் புத்தி வரவில்லை.

இப்போது அவர் கடைக்குள் செம்பூர்க் குடியிருப்பு ஒன்றின் தோட்ட டிராக்டர் நிற்கிறது. எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். பக்கத்துக் கடை மன்சூர் அலியிடம் பேராச்சி செயின் குப்பியை, அதாவது சுமை தூக்கும் சங்கிலிக் கப்பியை, இரவல் வாங்கி வந்தாள். கூரை பீமில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் போதும், எப்பேர்ப்பட்ட சுமையும் தானாக மேலே வரும்.

"இந்த பீம்லயா மாட்டச் சொல்லுத? மேல நம்ம தண்ணி டிரம் நிக்கு. எஞ்சினையும் தொங்கவிட்டா ரெண்டும் சேந்து தலையில எறங்கும்ட்டி" என்றார் வானமாமலை.

பொய் இல்லை. கீழே கடை, மேலே வீடு. இரண்டையும் தாங்குவது அந்த ஒற்றை பீம். நிறைந்த டிரம் நாலைந்து எஞ்சின் கனம் இருக்கும். ஆனால் அவர் மனக்கணக்கு வேறு. காலையில் தண்ணீர் வந்ததும் அவள் குழாயடிக்குப் போவாள். திரும்பி வருவதற்குள் ஒரே தூக்கு, வேலை முடிந்தது.

மறுநாள் சந்தெல்லாம் குடங்கள் உருண்டன. பேராச்சி ஏணிப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி வந்துட்டே. போகலியா?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"போகல. டிரம்ல கெடந்ததயும் அடுத்த வீட்டு ஜாக்குலின் அக்காவுக்கு ஊத்திட்டேன். இப்ப பீம்ல கனமில்ல. குப்பிய மாட்டுங்க."

தாராவியில் தண்ணீர் வரும் நேரத்தை ஒருத்தி வேண்டுமென்றே விடுகிறாள் என்றால் அது சின்ன விஷயமில்லை. வானமாமலை குப்பியை எடுத்து பீமில் மாட்டினார்.

பேட்டரி வயரைக் கழற்றினார். பெட்ரோலை வடித்தார், பெல்ட்டை உருவினார், போல்ட்டுகளை எடுத்தார். எஞ்சினைச் சுற்றிப் பட்டையைக் கட்டிக் கொக்கியில் மாட்டினார். பேராச்சி சங்கிலியை இழுத்தாள். எஞ்சின் விரற்கடை உயர்ந்தது, கூடவே டிராக்டரின் மூக்கும் உயர்ந்தது.

"டிராக்டரையும் சேத்தா மாடிக்குக் கொண்டு போறிய?" என்றாள் பேராச்சி.

கையால் தூக்கும்போது எஞ்சின் சரியாமலிருக்க ஒரு போல்ட்டைக் கடைசிவரை விட்டுவைப்பது அவர் பழக்கம். பழக்கம் சும்மா விடுமா? அசடு வழிய எஞ்சினை இறக்கச் சொல்லி அந்தப் போல்ட்டையும் எடுத்தார். இந்தத் தடவை எஞ்சின் மட்டும் வந்தது. அவர் பக்கவாட்டில் நின்று உள்ளங்கையால் ஆடாமல் பிடித்துக்கொண்டார். டிராக்டரைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மேஜையை நகர்த்தி எஞ்சினை அதன்மேல் இறக்கினார்கள். இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்ணெய்க் கையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். கழுவத் தண்ணீர் இல்லை. தள்ளுவண்டியில் காலிக் கேன்களை அடுக்கினார்.

"எங்க?"

"மன்சூர் கடையில போர் தண்ணி இருக்கு."

"நிறைஞ்ச கேனை யாரு தூக்குவா?" அவள் வண்டியை மறித்துப் பிடித்தாள்.

"அவனத் தூக்கி வைக்கச் சொல்லுதேன். நான் தள்ளிட்டு மட்டும் வாரேன்."

கல்யாணமான நாளிலிருந்து, இன்னொருவரைத் தூக்கச் சொல்வதாக அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கேனையும் வண்டியில் வைத்தாள்.