நின்றிருந்த காரின் சத்தம்

மாலை ஐந்து இருபதுக்கு நான் பள்ளியிலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்தியபோது, குவாட்டர்ஸ் வாசலில் எங்கள் கார் நின்றிருந்தது. அதை ஓட்டிப் போன மகளைக் காணோம். வீடு பூட்டியிருந்தது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு சக்கரம் வேலிச் செடியின் மேல் ஏறி, வண்டி கோணலாக நின்றிருந்தது. கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள் மகள். லைசென்ஸ் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. நான் பக்கத்தில் உட்காராமல் அவள் அதுவரை ஓட்டியதில்லை. அன்று எனக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மந்தாரக்குப்பத்தில் மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். "ஹாரன் அடிச்சுக்கிட்டே போ" என்று பதில் போட்டேன்.

போன் செய்தேன். மணி காருக்குள் அடித்தது. பக்கத்து சீட்டில் அவள் போன் வெளிச்சம் போட்டபடி கிடந்தது. கதவு பூட்டியிருந்தது. போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குக்கூடப் போகாதவள் அவள்.

மணி நின்றதும்தான் அந்தச் சத்தம் கேட்டது. டிக். சற்று விட்டு, டிக் டிக். எஞ்சின் பக்கமிருந்து இல்லை, பின்னாலிருந்து. குனிந்தேன். யாரோ பல்லைக் கடிப்பதுபோல் ஒரு கிர்ர். கூடவே தீய்ந்த வாடை. குக்கர் கைப்பிடி அடுப்பில் பட்டுவிட்டால் வருமே, அந்த மாதிரி.

எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இவள் யாரையோ இடித்துவிட்டாள். பிரேக்கை அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறாள், அதனால்தான் இந்த வாடை. இடித்த ஆளை யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக, இவளும் கூடவே ஓடியிருக்கிறாள். முன்பக்கம் போய் பம்பரைக் கையால் தடவிப் பார்த்தேன். நசுங்கல் இல்லை. விளக்குக் கண்ணாடி உடையவில்லை. சக்கர மறைப்பில் சிவப்பாக ஏதோ ஈரம். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டு போனேன். செம்மண் சேறு. அந்த விரலைப் புடவையில் துடைத்தேன்.

கணவருக்கு அடித்தேன். அவர் செகண்ட் ஷிப்டில், லிக்னைட் நிலக்கரியைக் குவித்து வைக்கும் யார்டில் இருந்தார். அங்கே தானாகவே புகைந்து பற்றிக்கொள்ளும் குவியல்களைக் கவனிப்பதுதான் அவர் வேலை. டூட்டியில் போனை எடுக்க மாட்டார். எடுக்கவில்லை.

"இன்னா டீச்சர், வண்டிய சுத்திச் சுத்தி வந்துக்கினு இருக்கீங்க? பிரதட்சணமா?"

எதிர் வீட்டு அண்ணன். வடக்குத்துக்காரர், சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். சொன்னேன். இடித்திருப்பாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் போய் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் காரியமாக முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அடை கொடுத்தார். மைன்ஸில் அதைச் செய்யாமல் எந்த வண்டியையும் தொடக் கூடாதாம். பிறகு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பின் சக்கரத்திலும் பிடியைத் தன் காதிலும் வைத்தார்.

"பேரிங் போயிடுச்சு."

"சக்கரம் சுத்தவே இல்லையேண்ணா. நிக்கிற சக்கரத்துல பேரிங் எப்படிச் சத்தம் போடும்?"

அவர் யோசித்தார். ஸ்க்ரூ டிரைவரை மறு காதுக்கு மாற்றினார். "இந்தக் காதுலயும் பேரிங் மாதிரிதான் கேக்குது."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தெருமுனை வரை போனேன், திரும்பினேன். அவள் தோழி வீட்டுக்கு அடித்தேன். அங்கே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். நான் போன பிறகு அவள் இங்கே வந்தால்? சாவியை மறுபடி பைக்குள் போட்டேன். கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்துப் பின் சக்கரத்தின் நடு இரும்பில் தெளித்தேன்.

சொய்ங் என்றது.

"தோசை ஊத்தப் போறீங்களா டீச்சர்?"

அடுத்த பின் சக்கரத்தில் தெளித்தேன். அதுவும் சொய்ங். முன் சக்கரங்களில் தண்ணீர் அப்படியே வழிந்து இறங்கியது.

"காலால பிரேக் புடிச்சா முன்னாடிதான் அதிகம் சூடாவும்," என்றார் அவர். "இது பின்னாடி மட்டும் கொதிக்குது."

"கைப்பிரேக் பின்னாடிதானே புடிக்கும்?"

"ஆமா."

"அப்ப அதை இறக்காமலே ஓட்டியிருக்கா. ஆறும்போது இரும்பு சுருங்குது, அந்தச் சத்தம்தான் இது."

"அதான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் அவர், ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகியபடி.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கைப்பிரேக் தூக்கித்தான் இருந்தது. நிறுத்திய வண்டியில் அப்படித்தானே இருக்கும். அது போட்டிருந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எங்கள் பழைய வண்டியில் எரிவதில்லை. சரி, சத்தம் என்னவென்று தெரிந்துவிட்டது. அதனால் என்ன? கைப்பிரேக்கை இறக்கக்கூட மறந்து ஒருத்தி வண்டியை எடுக்கிறாள் என்றால், எதைப் பார்த்துப் பயந்து எடுத்தாள்? எதைவிட்டு ஓடிவந்தாள்? விடை கிடைத்த பிறகு முன்னைவிட மோசமாக இருந்தது. இதை எழுதும்போதும் நடுவில் எழுந்துபோய் அவள் அறையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

அண்ணன் மறுபடி சக்கரத்தருகே குனிந்தார். நானும் குனிந்தேன். தெரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டியவர் எங்கள் பிளாக் சமூகக்கூடத்தின் வாட்ச்மேன். பின்னால் என் மகள். மடியில் ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைக் கைக்குழந்தைபோல் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வா. அங்கிள், நீங்களும்தான். அது உள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்கு."

"எரியல," என்றேன். அவள் தோளை, முழங்கையை, கால்களைப் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை.

"புகை வந்துச்சும்மா. கிட்ட நிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்வாரில்ல? போனக்கூட எடுக்காம, பழக்கத்துல வண்டியப் பூட்டிட்டு, சமூகக்கூடத்துல இந்த சிலிண்டர எடுக்க ஓடுனேன். இவரு டீ குடிக்கப் போயிட்டாரு. கூடத்துச் சாவி இவருகிட்ட."

"ஒரு டீதான் குடிச்சேங்க," என்றார் வாட்ச்மேன் என்னிடம்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லு. வழியில யாரையாவது இடிச்சியா?"

அவள் சிலிண்டரைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"இடிக்கிறதா? அது எங்கம்மா ஓடுச்சு? டவுன்ஷிப் ஆர்ச் கேட்ல நிறுத்தி எடுத்ததுலேர்ந்து வீடு வரைக்கும் சைக்கிள்காரங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போனாங்க."