சங்குக்கு அடங்காத தண்ணீர்

எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெக்டரிச் சங்கு ஊதுவது அப்பாவின் வேலை. அவர் ஊதினால்தான் தோட்டம் எழும்பும், வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும், கொழுந்து நிறுக்கும். அதனால் நேரம் என்பது தன் கைக்குள் இருக்கிற சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் கல்யாணத்தன்று அந்த நினைப்பு கெட்டது.

எழுபதுகளின் கடைசி அது. மாப்பிள்ளைக்குச் சிலாபம் பக்கம், ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு அக்கரையில் ஊர். எங்களைப் போலவே வேதக்காரர்கள். பத்து மணிக்கு மாதா கோயிலில் கல்யாணப் பூசை. லொறியில் விடியுமுன் கிளம்பி, எட்டரைக்கே கால்வாய்த் துறையில் படகேறிவிட்டோம். தேங்காய் ஏற்றுகிற தட்டைப் படகு. படகுக்காரர் நீளக் கம்பை ஊன்றித் தள்ளினார். கால்வாய் முடிந்து ஆற்று வாய்க்குள் நுழைந்ததும் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, தண்ணி எங்க?" என்றார் அப்பா.

"போயிருச்சு. வரும்."

"எத்தனை மணிக்கு?"

"வர்ற நேரத்துக்கு வரும்."

அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. எங்கள் மலையில் தண்ணீர் இறங்கும், அவ்வளவுதான். போன தண்ணீர் திரும்பி வருமென்று யாராவது சொன்னால் சிரிப்போம். தோட்டத்து ஆட்கள்தானே என்று மாப்பிள்ளை வீட்டார் இளக்காரமாக இந்த ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

"எல்லாரும் எறங்குங்க. சேத்துல நடந்தாவது திரும்பிப் போவோம். இந்தச் சம்பந்தம் வேணாம்."

அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியறியாத அக்கா, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் எறங்க மாட்டேன்பா. தண்ணி வரும்னு சொல்றாங்கள்ல."

வெயிலில் தலைப்பூ வாடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்குக் கடல் பக்கமிருந்து தண்ணீர் வந்தது. ஆறு பின்னோக்கி ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். அக்கரையில் மாப்பிள்ளை, எங்களை நோக்கி நடந்து வரப் பார்த்து, புதுக் காற்சட்டையோடு இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது.

கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது படகுக்காரரிடம் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார்: தண்ணீர் நாளுக்கு இரண்டு தரம் ஏறும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் பிந்தும். அதன்பிறகு வீட்டில் மாலைத் தேத்தண்ணியோடு இதே பேச்சுத்தான். "இப்ப அங்க தண்ணி ஏறியிருக்கும். படகு போகும்." மனசு மகளைத் தேடுகிறது என்று சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அக்காவின் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். இரண்டு வருஷம் கழித்து ஆற்றுக்குப் பாலம் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாள். அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்தக் கணக்கை அவரிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை.

பிறகு எண்பத்து மூன்று ஜூலை, தமிழர்களைத் தேடித் தேடி எரித்த கலவரம். மாத்தளைப் பக்கம் புகை எழும்புவதைத் தேயிலைக்குள் பதுங்கியிருந்து பார்த்தோம். "எம்புள்ள அங்க என்ன ஆனாளோ" என்று அம்மா அழுதாள்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க இப்ப தண்ணி வத்திருச்சு. படகு ஓடாது. ஒருத்தனும் அக்கரைக்குப் போக முடியாது." பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாப்பா" என்றேன். அங்கே பாலம் இருப்பதை அப்போதும் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லும் கடிதம் வந்துசேர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க, அம்மா காலையில் கேட்டாலும் மாலையில் கேட்டாலும், அப்பாவின் கணக்கில் தண்ணீர் ஏறவேயில்லை.