தணல் வைத்த அறை

அக்காவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பச்சை உடம்புக்காரிக்கும் குழந்தைக்கும் குளிர் பட்டுவிடக்கூடாது என்று அம்மா யன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழஞ்சேலையைத் திணித்திருந்தார். கட்டிலுக்கு அருகே மண்சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக்கரித் தணல். சாம்பிராணிப் புகை அடங்கிய பிறகும், கதகதப்புக்காக அதை அங்கேயே விட்டிருந்தார். மற்ற நாட்களில் கதவாவது திறந்திருக்கும். அன்று சாரல் அடித்ததால் அதுவும் மூடியிருந்தது.

பத்தியக் கறியோடு நான் உள்ளே போனபோது அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"தலை இடிக்குதடி. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு."

"இரவிரவா முழிச்சவள், படுக்கட்டும்," என்றார், காலடியில் உட்கார்ந்திருந்த அம்மா. "எனக்கும் தலை இடிதான். உவன் நித்திரை கொள்ள விட்டாத்தானே?"

ஆனால் அன்று குழந்தை ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை. பால் நேரம் கடந்தும் உறங்கினான்.

பல்கலைக்கழகத்தில் நடந்த முதலுதவி வகுப்பில், மூச்சுத் திணறினால் உதடு நீலமாகும் என்று குறிப்பெடுத்திருந்தேன். குனிந்து அக்காவின் உதட்டைப் பார்த்தேன். நீலமில்லை. அறையில் புகையுமில்லை. ஆறுதலோடு கறிக் கோப்பையை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் அருகில் இருந்தபோது, என் நெற்றியிலும் அதே இடி தொடங்கியது. ஒரே அறையில் மூன்று பேருக்கு ஒரே தலையிடி.

"அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போங்கோ."

"மழைக்குள்ளையோ? உனக்கென்ன விசரே?"

"தணல் காத்தைக் கெடுத்துப்போட்டுது. போங்கோ."

நான் அதுவரை அம்மாவிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் போனார்.

அக்காவின் கால்கள் நிற்கவில்லை. அக்குளில் கைகொடுத்து விறாந்தைக்கு இழுத்துவந்து, ஒருக்களித்துக் கிடத்தி, தாடையைச் சற்று நிமிர்த்தி, மூக்கருகே கன்னத்தை வைத்தேன். மூச்சு வந்தது. அம்புலன்சை அழைத்து, மூடிய அறையில் கரி எரிந்தது என்பதையும் சொன்னேன். அம்மா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தார். இருமுறை சிணுங்கினான், அழவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கும் குழந்தைக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். மூடிய அறையில் தணல் விடும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உதடு நீலமாகும் என்று காத்திருக்கவே கூடாது என்றார் வைத்தியர். அம்மா தலைகுனிந்து நின்றார். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கரிக்கான சிரட்டைகளை உடைத்துக் கொடுத்தவள் நான்தான்.

மாலையில் வார்டே அதிரும்படி அவன் பாலுக்கு வீரிட்டான்.

"இனி உவன் ஒருத்தரையும் நித்திரை கொள்ள விடான்," என்றாள் அக்கா.

"விடாமல் இருக்கட்டும்," என்றார் அம்மா.